கீக்ரான் வி1 விசைப்பலகையில் சொந்தமாக கியூஎம்கே ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்படி?

கம்பி வழி இயங்கும் கீக்ரான் வி1 விசைப்பலகை ஒன்றை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். கேப்ஸ் லாக் விசை தட்டினால் எஸ்கேப்பாகவும் அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோலாகவும் இயங்க வேண்டும் என்கிறீர்கள். நடு வரிசை எழுத்து விசைகளை அழுத்திப் பிடிக்கும்போது அவை ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் போன்றவையாக மாற வேண்டும். அதே விசைப்பலகையில் தமிழ்99 முறையில் தமிழும் எழுத வேண்டும். இதற்கு ஃபர்ம்வேரை மாற்றியே ஆக வேண்டுமா, மாற்றும்போது ஏதேனும் தவறினால் விசைப்பலகை பயனற்றுப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். பூட்லோடர் என்ற பகுதி எப்படி இயங்குகிறது என்பது புரிந்துவிட்டால் மற்ற வேலைகளைப் பதற்றமில்லாமல் செய்யலாம்.

விசைப்பலகைக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு இருக்கிறது. அதன் ஃப்ளாஷ் நினைவகத்தில் பதிந்திருக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். எந்த விசை அழுத்தப்பட்டது என்று இடைவிடாமல் சோதித்து, அதற்குரிய எண்ணை யூஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புவது அதன் வேலை. உங்கள் வி1 விசைப்பலகையில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருப்பது கியூஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேர். ஜுன் வாக்கோ உருவாக்கிய டிஎம்கே என்ற நிரலிலிருந்து கிளைத்து, ஜாக் ஹம்பர்ட் தொடங்கிவைத்து, இன்று பெரியதொரு தன்னார்வக் குழுவால் பராமரிக்கப்படும் திட்டம் அது. ஆகவே நீங்கள் அறியாத ஒன்றை உள்ளே திணிக்கப் போவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஃபர்ம்வேரின் மூல நிரலை எடுத்து, உங்கள் விருப்பப்படி திருத்தி, மீண்டும் ஏற்றப் போகிறீர்கள்.

பூட்லோடர் என்பது இந்த ஃபர்ம்வேரிலிருந்து தனித்து நிற்கும் ஒரு சிறு நிரல். யூஎஸ்பி வழியாக வரும் புதிய ஃபர்ம்வேரைப் பெற்று நினைவகத்தில் எழுதுவது மட்டுமே அதன் பணி. விசைப்பலகை மீட்க முடியாதபடி கெட்டுப்போகுமா என்பது இந்தச் சிறு நிரல் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் வி1 விசைப்பலகையில் இருப்பது எஸ்டிஎம்32எல்432 சில்லு. இதன் டிஎஃப்யூ (யூஎஸ்பி வழியே ஃபர்ம்வேர் ஏற்றும் முறை) பூட்லோடர், சில்லு தயாரிக்கப்படும்போதே மாற்ற முடியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டுவிடுகிறது. நீங்கள் எவ்வளவு பிழையான ஃபர்ம்வேரை ஏற்றினாலும், ஏற்றும்போது பாதியில் மின்சாரமே நின்றாலும், அந்தப் பூட்லோடருக்கு எதுவும் ஆகாது. மீண்டும் அதற்குள் நுழைந்து சரியான கோப்பை ஏற்றினால் விசைப்பலகை பழையபடி இயங்கும். ராஸ்பெரி பை நிறுவனத்தின் ஆர்பி2040 சில்லும் இப்படிப்பட்டதே. அதன் பூட்லோடரையும் யாராலும் அழிக்க முடியாது.

பழைய விசைப்பலகைகளிலும், கையால் பற்றவைத்துச் செய்யும் பல விசைப்பலகைகளிலும் இருக்கும் ஏடிமெகா32யூ4 சில்லின் நிலை வேறு. அதன் பூட்லோடர், ஃபர்ம்வேர் இருக்கும் அதே 32 கிலோபைட் ஃப்ளாஷ் நினைவகத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ப்ரோ மைக்ரோ பலகையில் வரும் கேட்டரினா பூட்லோடர் 4 கிலோபைட் இடத்தை எடுத்துக்கொள்வதால் ஃபர்ம்வேருக்கு மீதமிருப்பது 28,672 பைட் மட்டுமே. யூஎஸ்பி வழியாக ஏற்றும் வரை பூட்லோடர் பாதுகாப்பாகவே இருக்கும். ஆனால் ஐஎஸ்பி புரோகிராமர் என்ற வெளிக்கருவியைக் கொண்டு ஏற்றினால், எழுதுவதற்கு முன் சில்லு முழுவதுமாகத் துடைக்கப்படுவதால் பூட்லோடரும் சேர்ந்து போய்விடும். அதை மீட்பதற்கும் அதே ஐஎஸ்பி கருவிதான் வேண்டும். இது உங்கள் விசைப்பலகைக்குப் பொருந்தாது. இணையத்தில் காணும் எச்சரிக்கைகளில் பல இந்தச் சில்லைப் பற்றியவை என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் அச்சம் நீங்கும் என்பதற்காகவே சொல்கிறேன்.

எனவே ஃபர்ம்வேரைத் தொடுவதற்கு முன்பே, பூட்லோடருக்குள் நுழையும் வழிகளை உங்கள் விசைப்பலகையில் ஒருமுறை செய்து பாருங்கள். முதல் வழி, யூஎஸ்பி கம்பியைக் கழற்றிவிட்டு, எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் செருகுவது. இது கியூஎம்கே ஃபர்ம்வேர் தரும் வசதி. ஆகவே உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் ஒழுங்காக இயங்கும் வரையில்தான் பலிக்கும். இந்த வழியில் நுழையும்போது விசைப்பலகையில் சேமித்துவைத்த அமைப்புகளும் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது வழி, ஸ்பேஸ் பாரின் மூடியை மெல்லக் கழற்றினால் பலகையில் தெரியும் சிறு ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கம்பியைச் செருகுவது. இதற்கு ஃபர்ம்வேரின் தயவு தேவையில்லை. பிழையான ஃபர்ம்வேர் உள்ளே போய் எந்த விசையும் இயங்காத நிலையில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தப் பொத்தான்தான். பூட்லோடருக்குள் இருக்கும்போது விசைப்பலகை இறந்துவிட்டதுபோலத் தோன்றும். எந்த எழுத்தும் வராது. அது இயல்பான நிலையே. கம்பியைக் கழற்றிச் செருகினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

அடுத்து, மாற்றியே ஆக வேண்டுமா என்ற கேள்வி. கேப்ஸ் லாக் மாற்றம் ஒன்றுதான் உங்கள் தேவை என்றால், வேண்டாம் என்பதே என் விடை. வி1 விசைப்பலகையில் உள்ள ஃபர்ம்வேர் வியா என்ற செயலியுடன் பேசக்கூடியது. குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் அந்தச் செயலியைத் திறந்து, விசைகளின் பொருளை மாற்றினால், மாற்றம் அந்த நொடியிலேயே விசைப்பலகையின் நிலைத்த நினைவகத்தில் பதிந்துவிடும். பட்டியலில் இல்லாத பொருளைக்கூட, எந்த கியூஎம்கே குறியீட்டையும் தட்டச்சு செய்ய இடம்தரும் ‘எனி’ என்ற கட்டத்தின் மூலம் கொடுக்கலாம். தட்டினால் ஒன்று, பிடித்தால் வேறொன்று என்ற மாட்-டாப் குறியீட்டையும் அங்கேயே எழுதலாம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வி1 விசைப்பலகையின் மேற்புறத்தில் மேக், விண்டோஸ் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் என்ன பொருள் என்று சொல்லும் ஒரு முழுப் பட்டியலை அடுக்கு என்பார்கள். மேக் பக்கம் தள்ளியிருந்தால் 0, 1 ஆகிய அடுக்குகளும், விண்டோஸ் பக்கம் தள்ளியிருந்தால் 2, 3 ஆகிய அடுக்குகளும் இயங்கும். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் செயலியில் முதலில் கண்ணில் படும் 0 ஆம் அடுக்கை மாற்றிவிட்டு, எதுவுமே நடக்கவில்லையே என்று ஃபர்ம்வேரைக் குறை சொல்வதுண்டு. உங்கள் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய அடுக்கில் மாற்றம் செய்யுங்கள்.

ஆனால் நடு வரிசை விசைகளை மாற்றுவிசைகளாக்குவதும், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி அடுக்கு வைப்பதும் வியாவால் நிறைவாகச் செய்ய முடியாதவை. ஒவ்வொரு விசைக்கும் தனிக் கால அளவு வைப்பது, இரு கைகளையும் வேறுபடுத்தி முடிவெடுப்பது, ஒரே விசை ஒரு குறுக்குவழியையும் அனுப்பி அடுக்கையும் மாற்றுவது போன்றவற்றுக்கு மூல நிரலைத் திருத்திக் கம்பைல் செய்தாக (சில்லில் ஏற்றத்தக்க கோப்பாக மாற்றியாக) வேண்டும். வையல் என்ற கிளைப்பதிப்பு வியாவைவிடக் கூடுதலாகச் சிலவற்றைத் தருகிறது என்றாலும், அதை ஏற்றுவதற்கும் ஃபர்ம்வேரை மாற்றத்தான் வேண்டும் என்பதால், நேரடியாக கியூஎம்கே வழியில் போவதையே பரிந்துரைக்கிறேன்.

விண்டோஸில் கியூஎம்கே எம்எஸ்ஒய்எஸ் என்ற தொகுப்பை நிறுவினால் கம்பைலர் உட்படத் தேவையான எல்லாமே வந்துவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் கியூஎம்கே திட்டத்தின் ஆவணங்கள் சொல்லும் வழியில் கட்டளைக் கருவியை நிறுவலாம். பிறகு கியூஎம்கே செட்டப் என்ற கட்டளை மூல நிரல் முழுவதையும் இறக்கிவைக்கும். தொகுப்பு பெரியது, பொறுமையாக முடியவிடுங்கள். கியூஎம்கே டாக்டர் என்ற கட்டளை எல்லாம் சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும். லினக்ஸ் பயனர்கள் சாதனங்களை அணுகும் அனுமதியைத் தீர்மானிக்கும் யூடெவ் விதிக் கோப்பை உரிய இடத்தில் வைக்கவில்லை என்றால், பூட்லோடரை அணுகச் சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடைக்காது. டாக்டர் கட்டளை அதையும் சுட்டிக்காட்டும்.

உங்கள் விசைப்பலகையின் மாதிரியைத் துல்லியமாக அடையாளம் காண்பது இதில் முக்கியமான படி. கீக்ரான் கோப்புறைக்குள் வி1 என்ற பெயரில் ஆன்சி, ஐஎஸ்ஓ, ஜிஸ் ஆகிய விசை வரிசை அமைப்புகளுக்கும், ஒவ்வொன்றிலும் ஒலியளவுத் திருகு உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனி உட்கோப்புறைகள் உள்ளன. திருகு உள்ள விசைப்பலகையில் திருகு இல்லாததன் ஃபர்ம்வேரை ஏற்றினால் எதுவும் உடைந்துவிடாது, ஆனால் சில பகுதிகள் இயங்காது. உங்களிடம் இருப்பது வி1 மேக்ஸ் போன்ற கம்பியில்லா மாதிரி என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். அவற்றின் ப்ளூடூத் நிரல் கீக்ரான் நிறுவனம் தனியாக வைத்திருக்கும் கிளையில்தான் இருக்கிறது. கியூஎம்கே திட்டத்தின் பொதுக் களஞ்சியத்தை மட்டும் நம்பி அந்த மாதிரிகளில் இறங்கினால் கம்பியில்லா வசதியை இழக்க நேரிடும். உங்களுடையது கம்பி மாதிரி என்று நீங்களே சொல்லியிருப்பதால் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

விசைகளின் பொருளை வரையறுக்கும் இயல்பு கீமேப் கோப்புறையை நகலெடுத்து உங்கள் பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். மூலக் கோப்புகளில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அப்படியே எந்த மாற்றமும் செய்யாமல் ஒருமுறை கம்பைல் செய்து, அதையே முதலில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. அப்போது பின்னால் ஏதேனும் பிழை வந்தால் அது உங்கள் திருத்தத்திலிருந்து வந்ததா, ஏற்றும் முறையிலிருந்து வந்ததா என்று குழம்ப வேண்டியிருக்காது. கம்பைல் முடிந்ததும் உங்கள் சில்லுக்கு ‘பின்’ (.bin) என்று முடியும் கோப்பு கிடைக்கும். ஏடிமெகா சில்லுகளுக்கு ஹெக்ஸ் கோப்பும், ஆர்பி2040 சில்லுக்கு யூஎஃப்2 கோப்பும் வரும். முகம் தெரியாதவர்கள் கம்பைல் செய்து பகிர்ந்த கோப்புகளை ஏற்றாதீர்கள். விசைப்பலகை எந்த எழுத்தை அனுப்பினாலும் நீங்களே தட்டச்சு செய்ததாகத்தான் கணினி நம்பும் என்பதால், மூல நிரல் தெரியாத ஃபர்ம்வேருக்கு அங்கே இடம் கொடுப்பது உண்மையான ஆபத்து.

ஏற்றுவதற்கு முன் மூன்றைச் செய்துவிடுங்கள். கீக்ரான் தளத்தில் உங்கள் மாதிரிக்குரிய தொழிற்சாலை ஃபர்ம்வேர் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வியாவில் ஏற்கெனவே செய்த அமைப்புகள் இருந்தால் அவற்றைக் கோப்பாகச் சேமியுங்கள். ஃபர்ம்வேர் மாறும்போது அவை அழிந்துபோக வாய்ப்புண்டு. இன்னொரு விசைப்பலகையையும் அருகில் வைத்திருங்கள். மடிக்கணினி என்றால் அதிலேயே இருக்கிறது. கம்பி, தரவு கடத்தும் கம்பியாக இருக்க வேண்டும், மின்னேற்றத்துக்கு மட்டுமான கம்பியில் கணினிக்கு விசைப்பலகையே தெரியாது.

விண்டோஸிலும் மேக்கிலும் கியூஎம்கே டூல்பாக்ஸ் என்ற செயலி இந்த வேலையை எளிதாக்குகிறது. அதில் உங்கள் கோப்பைத் திறந்து, விசைப்பலகையைப் பூட்லோடருக்குள் கொண்டுபோனால், எஸ்டிஎம்32 டிஎஃப்யூ சாதனம் இணைந்தது என்ற வரி திரையில் தோன்றும். பிறகு ஃப்ளாஷ் பொத்தானை அழுத்தினால் பழையது அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படும். முடிந்தது என்ற செய்தி வரும் வரை கம்பியைத் தொடாதீர்கள். கட்டளைக் கருவியை விரும்புவோர் கியூஎம்கே ஃப்ளாஷ் என்ற ஒரே கட்டளையில் கம்பைல் செய்வதையும் ஏற்றுவதையும் முடிக்கலாம். லினக்ஸில் அதுவே இயல்பான வழி.

இணைந்தது என்ற வரி விண்டோஸில் தோன்றவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். டூல்பாக்ஸிலேயே டிரைவர்களை நிறுவும் வசதி இருக்கிறது. அதை முதலில் பயன்படுத்துங்கள். அதற்கு மாற்றாகப் பலர் ஸாடிக் என்ற கருவியைப் பரிந்துரைப்பார்கள். அதைப் பயன்படுத்துவதானால், விசைப்பலகை பூட்லோடர் நிலையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். சாதாரண நிலையில் இருக்கும்போது டிரைவரை மாற்றிவிட்டால், விண்டோஸ் அதை விசைப்பலகையாகக் கருதுவதையே நிறுத்திவிடும். அப்போது ஃபர்ம்வேர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அலைகிறார்கள். உண்மையில் விசைப்பலகைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேறொரு கணினியில் செருகினால் ஒழுங்காக இயங்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தத் தவறான டிரைவரை நீக்கினால் சரியாகிவிடும்.

ஏற்றிய பிறகும் பழைய அமைப்பே இயங்குவதுபோலத் தோன்றினால், வியா வசதியுடன் கம்பைல் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த வசதி இருக்கும்போது விசைகளின் பொருள் உங்கள் கீமேப் கோப்பிலிருந்து நேரடியாக எடுக்கப்படுவதில்லை, நிலைத்த நினைவகத்தில் சேமிக்கப்பட்ட நகலிலிருந்தே எடுக்கப்படுகிறது. மேலே சொன்ன எஸ்கேப் வழியில் அந்த நகலை அழித்தால் உங்கள் புதிய கீமேப் மேலே வரும்.

இனி மாட்-டாப் பற்றி. ஒரு விசை தட்டப்பட்டதா, பிடிக்கப்பட்டதா என்று முடிவெடுக்க கியூஎம்கே இயல்பாக எடுத்துக்கொள்ளும் கால அளவு 200 மில்லி நொடி. கேப்ஸ் லாக்குக்கு இது போதும். சொல்லப்போனால், வேறொரு விசை அழுத்தப்பட்ட நொடியிலேயே பிடித்ததாக எண்ணச் சொல்லும் விருப்பத்தை அந்த விசைக்கு மட்டும் இயக்கினால் கண்ட்ரோல் சேர்க்கைகள் இன்னும் விரைவாக இயங்கும். நடு வரிசைக்கு அதே விருப்பத்தைக் கொடுத்தால் பெரும் குழப்பம் நேரும். அங்கே இரண்டு வசதிகளை இயக்கச் சொல்வேன். கார்டல் ஹோல்ட் என்பது, பிடித்திருக்கும் விசையும் அடுத்து அழுத்தும் விசையும் ஒரே கையில் இருந்தால் அதைத் தட்டலாகவே கொள்ளும். ஃப்ளோ டாப் என்பது, நீங்கள் விரைந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது நடுவில் வரும் விசையை உடனே தட்டலாக முடிவு செய்யும். இரண்டையும் கம்பைல் செய்யும்போதுதான் சேர்க்க முடியும்.

தமிழ்99 எழுதுகிறவருக்கு இவை வசதி என்பதைத் தாண்டித் தேவையாகவே ஆகிவிடுகின்றன. அந்த அமைப்பில் நடு வரிசையின் இடப்பக்கம் அ, இ, உ ஆகியவையும் புள்ளியும், வலப்பக்கம் ஜே, கே, எல், அரைப்புள்ளி ஆகிய விசைகளில் ப, ம, த, ந ஆகியவையும் இருக்கின்றன. நாம் எழுதும் சொற்களில் ஓயாமல் வரும் ‘ந்த’, ‘ம்ப’ என்ற இரண்டு சேர்க்கைகளும் வலக்கை நடு வரிசையின் அடுத்தடுத்த விரல்களில் விழுகின்றன. ‘வந்தான்’ என்று விரைவாக எழுதும்போது ந விசையிலிருந்து சுண்டு விரல் எழும் முன்பே த விசையில் மோதிர விரல் இறங்கிவிடும். ஆங்கிலத்துக்கென்று சரிபார்த்து வைத்த மாட்-டாப் கால அளவு இங்கே பலவேளைகளில் ஏமாற்றும். எழுத்துக்குப் பதிலாக ஏதோ ஒரு குறுக்குவழி இயங்கிவிடும்.

தமிழ்99 அமைப்பையே ஃபர்ம்வேருக்குள் வைத்துவிட முடியாதா என்றும் கேட்கலாம். யூஎஸ்பி விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. விசை எண்களை மட்டுமே அனுப்புகிறது. அவற்றை எழுத்தாக மாற்றுவது இயங்குதளம். கியூஎம்கேயில் யூனிகோட் வசதி இருக்கிறது என்றாலும், அது லினக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு சேர்க்கையையும் அதன்பின் எழுத்தின் எண்ணையும் நமக்காகத் தட்டச்சு செய்வது போன்ற மறைமுக வழிதான். விண்டோஸில் அதற்கென வின்கம்போஸ் போன்ற தனிச் செயலி வேண்டும். மேலும் க விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ வருவது, ங விசைக்குப் பின் க தட்டினால் புள்ளி தானாகவே விழுவது, மெய்க்குப் பின் உயிர் விசையைத் தட்டினால் உயிர்மெய்க் குறியாவது போன்ற தமிழ்99 விதிகளை எல்லாம் நீங்களே சி மொழியில் எழுத வேண்டியிருக்கும். இயங்குதளத்தில் ஏற்கெனவே செம்மையாக இருக்கும் ஒன்றை இப்படித் திரும்பச் செய்வதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்99 அமைப்பை இயங்குதளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ ஆகியவையும், சாய்கோட்டு விசையில் ழவும் இருப்பதால், அந்த விசைகளை விட்டுவிட்ட மிகச் சிறிய விசைப்பலகைகளில்தான் தனி அடுக்கு தேவைப்படும். உங்கள் வி1 விசைப்பலகையில் எல்லாமே அதனதன் இடத்தில் இருக்கின்றன.

ஃபர்ம்வேரால் செய்யத்தக்கது, தமிழ் எழுதும்போது நடு வரிசை மாட்-டாப்களை விலக்கிவைப்பதுதான். நான்கு அடுக்குகளுக்கு மேல் ஐந்தாவதாக ஒரு தமிழ் அடுக்கைச் சேருங்கள். அதில் நடு வரிசையின் எட்டு விசைகளுக்கு மட்டும் வெறும் எழுத்துகளைக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லா விசைகளையும் கீழடுக்கு தெரியும்படி விட்டுவிடுங்கள். கியூஎம்கே மேலடுக்கிலிருந்து கீழ்நோக்கித் தேடுவதால், தமிழ் அடுக்கில் எல்லா விசைகளையும் நிரப்பினால் அதற்குக் கீழே இருக்கும் எஃப்என் விசையைப் பிடித்தால் வரும் அடுக்கு மறைந்துபோகும். வியா வசதியையும் வைத்துக்கொள்வதானால், அடுக்குகளின் எண்ணிக்கையை நான்கிலிருந்து ஐந்தாக உயர்த்தும் வரியைக் கான்ஃபிக் கோப்பில் சேர்க்க மறக்காதீர்கள்.

மொழி மாற்றத்துக்கு ஒரே விசையைப் பயன்படுத்தினால் ஒரு சிக்கல் வரும். கணினியில் இப்போது எந்த மொழி இயங்குகிறது என்பதை இயங்குதளம் விசைப்பலகைக்குச் சொல்வதில்லை. கேப்ஸ் லாக், நம் லாக் போன்ற விளக்குகளின் நிலையை மட்டுமே சொல்கிறது. விண்டோஸ் விசை, ஸ்பேஸ் ஆகியவற்றின் சேர்க்கையை அனுப்பி அடுக்கையும் மாற்றும் ஒற்றை விசையை வைத்தால், ஒருமுறை சுட்டியால் மொழியை மாற்றியதும் இரண்டும் எதிரெதிராகிவிடும். அதனால் இரண்டு விசைகளை ஒதுக்குங்கள். விண்டோஸில் ஒவ்வொரு உள்ளீட்டு மொழிக்கும் தனித்தனிக் குறுக்குவழி வைக்க முடியும். ஒரு விசை ஆங்கிலத்துக்குரிய குறுக்குவழியை அனுப்பித் தமிழ் அடுக்கை அணைக்கட்டும். மற்றது தமிழுக்குரியதை அனுப்பி அந்த அடுக்கை இயக்கட்டும். எந்த நிலையிலிருந்து அழுத்தினாலும் விளைவு ஒன்றே என்பதால், இடையில் மாறிப்போனாலும் அடுத்த அழுத்தத்தில் கணினியும் விசைப்பலகையும் ஒத்துவிடும். இதற்குக் கீமேப் கோப்பில் விசை அழுத்தத்தைக் கையாளும் சார்பில் இரண்டு சிறு பகுதிகளைச் சேர்த்தால் போதும். ஒவ்வொன்றும் நான்கைந்து வரிகளுக்கு மேல் போகாது.